இடம் கிடைத்தது

"மேடம், என் ராஜினாமாவைக் கொஞ்சம் மறந்துட முடியுமா?"

கதவைப் பாதி திறந்து, உள்ளே வராமலே கேட்டான். அந்தப் பார்சல் கிடங்கில் அவன் ஷிப்ட் சூப்பர்வைசர். எதைக் கேட்டாலும் நிறுத்தி நிதானமாக விளக்கம் சொல்வதால், அங்கே எல்லோருக்கும் அவன் 'வாத்தியார்'.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவனைவிடப் பத்து வயது மூத்தவர்.

"உள்ள வா, வாத்தியாரே. உட்காரு. எம்.பி.ஏ. சீட் என்னாச்சு?"

"இல்லைன்னுட்டாங்க. நேத்து மெயில் வந்துச்சு. ரெண்டே வரி. மூணாவது வரி ஏதாவது இருக்குமோன்னு கீழ தள்ளித் தள்ளிப் பார்த்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் கண் சிவந்திருந்தது.

"வீட்ல?"

"அம்மா திட்டல. ஆனா ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்காங்களே! காலையில பால் வாங்கப் போனா, 'தம்பி, எப்போ கிளம்பற?'ன்னார் கடைக்காரர். 'இதோ கிளம்பிட்டேன்'னு பாக்கெட்டைத் தூக்கிட்டு ஓடி வந்துட்டேன்."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே கன்வேயர் பெல்ட்டில் பெட்டிகள் வரிசையாக லாரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

"இன்டர்வியூ பிரமாதமா போச்சுன்னியே? அந்தத் தைரியத்துலதானே ராஜினாமாவே குடுத்த?"

"ஒரே ஒரு கேள்வியிலதான் மாட்டிக்கிட்டேன் மேடம். எதுக்குப் படிக்கணும்னு கேட்டாங்க. மேலாளர் ஆகணும்னேன். 'இப்ப ஆக விடாம யாரு தடுக்கறா?'ன்னாங்க. உங்க பேரை எப்படிச் சொல்றதுன்னு வாயை மூடிக்கிட்டேன்."

இந்த முறை மேடத்தால் முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். அவனும் சிரித்தான்.

"சரி, இனிமே என்ன பண்ணப்போற?"

"மாமா பெயிண்ட் கடைக்கு வரச் சொல்றார். அந்த வாசம் பட்டாலே எனக்குத் தும்மல் நிக்காது. அடுத்த வருஷம் மறுபடியும் எழுதலாம்னா, இப்போதைக்கு அந்தக் காலேஜ் பேரைக் கேட்டாலே எழுந்து ஓடத் தோணுது. யோசிச்சு யோசிச்சுப் பார்த்தா, எனக்குப் பிடிச்சது இந்த வேலைதான் மேடம். லாரி லேட்டானா கோபம் வருது. நேரத்துக்குக் கிளம்பிட்டா நல்லா பசி எடுக்குது. ஆனா, குடுத்ததைத் திருப்பிக் கேக்கத்தான் வெக்கமா இருக்கு. என் இடத்துக்கு ஆள் போட்டிருந்தா, லோடு ஏத்தற பக்கமாவது நிக்கறேன்."

குரல் கடைசியில் இறங்கிவிட்டது. மேடம் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினார்.

"ஆள் போடல. உன் ராஜினாமாவை நான் மேல அனுப்பவே இல்ல."

"நிஜமாவா மேடம்?"

"ஆனா பழைய வேலை கிடையாது. ஆள் எடுக்கறதும் லாரி வாடகை பேசறதும் இனி நீதான். ரெண்டு ஷிப்டும் உன் பொறுப்பு. நீ போகலைன்னா உனக்குத்தான்னு காலையில தலைமை அலுவலகத்துல பேசிட்டேன், சரின்னுட்டாங்க."

"அதெல்லாம் உங்க வேலையாச்சே!" அவன் முகம் சுருங்கியது. "பாவம் பார்த்துக் குடுக்கறீங்கன்னா வேண்டாம் மேடம்."

"பாவமாவது! போன மழையில ரோடெல்லாம் முழுகிக் கிடந்தப்போ, ஒரு பெட்டிகூட நனையாம அனுப்பி வெச்சது யாரு? உன்னை விட்டா எனக்கு வேற ஆள் இல்ல. சம்மதமா, இல்லையா? அதைச் சொல்லு."

அவன் வேகமாகத் தலையை ஆட்டினான். அந்த மெயில் வந்ததிலிருந்து இப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தான். அப்புறம்தான் உறைத்தது.

"அப்போ நீங்க? வேற கிளைக்கா போறீங்க மேடம்?"

மேடம் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முகத்தில், பள்ளிக்கூடப் பெண்ணைப் போல ஒரு கூச்சம்.

"திட்டக் கூடாது. இன்டர்வியூ அன்னிக்கு நீ பார்த்துடக் கூடாதேன்னு, அந்தக் காலேஜ் வராந்தாவுல ஒரு தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு நின்னேன் வாத்தியாரே... எனக்குச் சீட் கிடைச்சிருக்கு."