வடிகட்டிய அறிக்கை

“ஆத்துத் தண்ணியில ஈயமே இல்லைன்னு எப்படி சார் எழுதுறது?” ஆய்வகத்துப் பெண், வண்டல் படிந்த ஃபில்டர் பேப்பரை மேலதிகாரியின் மேசையில் வைத்தாள். “விஷம் மண்ணுல ஒட்டிக்கிட்டுதான் வருது. மண்ணை வடிகட்டித் தூக்கிப் போட்டுட்டுத் தண்ணியைச் சோதிச்சா என்ன தெரியும்?”

“மண்ணை யாரும்மா குடிக்கப் போறாங்க? எழுதிக் கையெழுத்தைப் போடு.”

இந்த மனுஷனுக்கு எப்படித்தான் புரியவைப்பது? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவருடைய செல்போன் அடித்தது. மனைவிதான். கேட்டதும் அவர் பதறினார்.

“என்னது, தோட்டத்துக்கு ஆத்து வண்டலா? லாரியை அப்படியே திருப்பி அனுப்பு. பாப்பா தொட்டிருந்தா முதல்ல சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடு.”

போனை வைத்தவர் நிமிரவே இல்லை. அவள், இன்னும் எழுதப்படாத அறிக்கைத் தாளை அவர் முன்னால் நகர்த்தினாள்.

“வீட்ல சொன்னதை அப்படியே இதுல எழுதுங்க சார். நான் கையெழுத்துப் போடுறேன்.”