நீல ஆரஞ்சு

"ஏங்கண்ணு, ஆரஞ்சுப் பழம் என்னைக்கு நீலமாச்சு?"

தன் பழக்கடையிலிருந்தபடியே கழுத்தை நீட்டிக் கேட்டாள் கனகா. பக்கத்துக் கடையில், தொங்கும் ஸ்வெட்டர்களுக்கும் குரங்குக் குல்லாய்களுக்கும் நடுவே, குரோஷா ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் தஸ்லீமா.

"குல்லாப் பின்னி மிச்சமான நூலுங்கக்கா. நல்ல நிறமெல்லாம் சீசன்லயே தீந்துருச்சு. டீ டம்ளருக்கு அடியில வைக்கறதுக்குப் பின்றேன். இவரோட அக்காவுக்கு."

"இன்னைக்கு வர்றாங்களே, அவங்களுக்கா?"

"அவங்களுக்குத்தானுங்க."

கனகாவுக்குப் பகீரென்றது. அந்த அக்கா பரிதாவை அவள் பார்த்ததில்லை, தஸ்லீமாவின் புருசன் இர்பான் சொல்லிக் கேட்டதுதான். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். தன்னைக் கேட்காமல் நிக்காஹ் முடித்துக்கொண்டான் என்ற கோபத்தில், இந்தப் பெண்ணிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றுதான் முதன்முதலாக மலையேறி வருகிறாள். இன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால், அப்புறம் அந்த உறவு ஒட்டாது.

"கத்திரிப்பூ நிறத்துல சீத்தாப்பழம், கறுப்புல கொய்யா. என்னைக் கேலி பண்றாளான்னு அடுத்த பஸ்ஸுலயே அடிவாரம் எறங்கிருவாங்க. சேலத்துல சொல்லி நாலு கலர் வாங்கறதுக்கென்ன? அத்தனை கஞ்சமா நீ?"

"நிறம் கெடக்குதுங்கக்கா. ஒரு சீத்தாப்பழம் குடுங்க."

வாங்கிய பழத்தைக் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தடவினாள். பிறகு தான் பின்னியதைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"நொம்ப மழமழன்னு போட்டுட்டேன். முடிச்சு பத்தல." மடமடவென்று பிரித்து, மறுபடி முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தாள்.

"வாங்கறதா இருந்தா அமுக்கு, இல்லாட்டி வச்சுரு. காலையிலிருந்து இது மூணாவது பழம். நீ தடவற தடவுல கூழாகிரும்."

உள்ளிருந்து வந்த இர்பான், அவள் பின்னி வைத்திருந்த பேரிக்காயை எடுத்தான். பளீரென்ற ரோஸ் நிறத்தில் இருந்தது அது. நிறத்தைப் பார்த்து ஏதாவது சொல்வான் என்று கனகா காத்திருந்தாள்.

"காம்பு இன்னுங் கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருந்தா நல்லாருக்கும்," என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டான்.

"உனக்கேத்த புருசந்தான். ஊடு பத்தி எரியறப்ப ஓடு நேரா இருக்குதான்னு பாக்கறான்."

மனசு கேட்காமல் நல்ல பழமாக ஒரு கூடை பொறுக்கிக்கொண்டு வந்தாள் கனகா. "நாஞ்சொல்றதக் கேளு சாமி. இதைக் குடு. அதையெல்லாம் எங்கயாச்சும் ஒளிச்சு வை."

"இது நாளைக்குத் தீந்துருங்கக்கா," என்று சிரித்தாள் தஸ்லீமா.

ஒளிக்க நேரமும் இல்லை. தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு பரிதா படியேறி வந்துவிட்டாள். கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றியிருக்கும் பாவம் என்று கனகாவே ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

தஸ்லீமா சொன்ன சலாமுக்குப் பதில் சலாம் வந்தது. அதோடு சரி. தஸ்லீமா தான் பின்னியதையெல்லாம் ஒரு பொட்டலமாகக் கட்டி அவள் மடியில் வைத்தாள்.

பரிதா நிதானமாக ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

"பேரிக்கா," என்றாள் பரிதா. அடுத்தது. "சீத்தா. அடேயப்பா, எத்தனை முடிச்சு. உட்கார்ந்து போட்டிருக்கியே." அதற்கடுத்தது. "ஆரஞ்சு. சுளை ஒவ்வொண்ணும் தனித்தனியா எழும்பி நிக்குது." அவள் உதட்டில் சிரிப்பு வந்தது. "டேய் இர்பான், என்னைக் கேட்டிருந்தாலும் இவளைத்தாண்டா கட்டிக்கச் சொல்லியிருப்பேன்."

தஸ்லீமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லையே என்று கனகாதான் வாயைப் பிளந்து நின்றாள்.

"ஆமா கண்ணு, இந்த ஆரஞ்சு என்ன நிறம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள் பரிதா.

அப்போதுதான் இர்பான் கையில் மடக்கி வைத்திருந்த, தரையைத் தட்டி நடக்கிற அக்காவின் வெள்ளைக் கைத்தடி கனகாவின் கண்ணில் பட்டது.

தஸ்லீமா வாய் திறப்பதற்குள் கனகா முந்திக்கொண்டாள். "ஆரஞ்சு நிறந்தானுங்கம்மா. இப்பத்தான் மரத்துலிருந்து பறிச்சாப்பல இருக்குதுங்க."

"நீலம்னு இர்பான் பஸ் ஸ்டாண்டுலயே சொல்லிட்டானுங்களே," என்றாள் பரிதா, குரல் வந்த பக்கம் திரும்பி. "நீங்கதான் அந்தப் பழக்கடைக்காரங்களா?"