ரகம் வேறு

மூன்றாவது கன்றும் செத்துக் கிடந்தது.

வாலிலிருந்து பின்னங்கால் வரை மஞ்சள் கழிச்சல் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆள் வந்தும் ஈக்கள் எழுந்திருக்க மெனக்கெடவில்லை.

மாட்டு டாக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இருபது வருடமாகச் சாணத்தில் கை விடுகிறவர்தான். ஆனாலும் இந்த நாற்றம் புளித்த பாலும் அழுகிய முட்டையுமாக நாக்கிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

மூலையில் உயிரோடிருந்த ஒரே கன்று முதுகை வளைத்தது. சுவரில் பீய்ச்சி அடித்தது.

"ஏம்மா, மாடு வளக்குறீங்களா, சாக்கடை வளக்குறீங்களா?"

மூன்று நாளாகப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்ததில் கொட்டகைக்காரியின் விரலிடுக்கெல்லாம் வெந்து போயிருந்தது. கழுவிய ஈரம் காய்வதற்குள் கன்றுகள் மறுபடி கழிந்தன.

டாக்டர் பால் வாளியின் விளிம்பை விரலால் வழித்து, அந்தப் பிசுக்கை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதுலதான் கன்னுக்குப் பால் குடுக்குறீங்க. வெளங்கும்."

அவள் வாளியை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது. புதன்கிழமை எடுத்தனுப்பிய சாணத்தைச் சோதித்துவிட்டு, ஆய்வகத்திலிருந்த பழைய வகுப்புத் தோழன் அழைத்தான்.

"வைரஸ் ஒண்ணுதான்டா, ரகம் வேற. வழக்கமா உங்க பக்கம் வர்றது ரெண்டு நாள் வயித்தக் கலக்கிட்டு விட்டுடும். இது குடலோட உள்தோலையே உரிச்சுடுது. இதே ரகம் வேற ஒரே எடத்துலதான் வந்திருக்கு. உங்க பக்கத்துப் பெரிய பண்ணையில. அங்கருந்து யாராச்சும் இந்தக் கொட்டகைக்கு வந்தாங்களா?"

டாக்டர் கைக்குட்டையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"இல்லையே," என்றார்.

"என்ன சொன்னாங்க டாக்டர்?" என்று கேட்டாள் கொட்டகைக்காரி.

"சுத்தம் பத்தலன்னாங்க."

அவள் செத்த கன்றின் அருகே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என் கையாலயே கொன்னுட்டேனா?"

டாக்டர் வாசலுக்கு ஓடுவதற்குள் காலையில் குடித்த காபி மொத்தமும் சுவரோரம் விழுந்தது.

அவள் பதறி எழுந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குனிந்து வாய் கொப்பளிக்க, ஒரு கையால் அவர் முதுகை நீவிவிட்டாள்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர், நாத்தம் தாங்கல போல. பக்கத்து வீட்டுக் கன்னும் நேத்துலருந்து கழியுதாம். போறப்ப ஒரு எட்டு பாத்துட்டுப் போறீங்களா?"

அவர் குனிந்தபடியே தன் பூட்ஸைப் பார்த்தார்.

திங்கட்கிழமை, பெரிய பண்ணையில் கழிந்துகொண்டிருந்த கன்றுகளுக்கு ஊசி போட்ட கையோடு, பூட்ஸைக்கூடக் கழுவாமல், இங்குள்ள கன்றுகளின் காதில் அடையாள வில்லை மாட்ட அவர் நேரே இந்தக் கொட்டகைக்குத்தான் வந்திருந்தார்.

அன்றைக்கு அடுத்ததாகப் போனது பக்கத்து வீட்டுக்கு.