தூசி போடாத மூன்று கேன்கள்

ஆறு கேன்களும் பச்சையாக இருந்தன.

மூன்றுதான் பச்சையாகியிருக்க வேண்டும்.

மண்டபத்தூரில், என் தங்கை ஷர்மிளாவின் வீட்டு மொட்டை மாடியில், தோள்பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றேன். நான்கு நாள் புதுச்சேரிக்குப் போய் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அது லேசில் கிடைக்கிற தண்ணீர் இல்லை. மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன் கடைசியாகப் போன விசைப்படகில், ஷர்மிளாவின் வீட்டுக்காரர் நடுக்கடலில் மொண்டு வந்தது. அப்படியொரு தெளிவு. அதில் சத்தே கிடையாது என்பதுதான் அந்தத் தெளிவுக்கு அர்த்தம். பாலைவனத் தூசி காற்றோடு வந்து அதில் விழுந்தால், தூசியில் உள்ள இரும்பைத் தின்று கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும். பாசி வந்தால் பின்னாலேயே மீன் வரும்.

இதை நிரூபிப்பதுதான் என் ஆராய்ச்சி. சிவப்புக் கயிறு கட்டிய மூன்று கேன்களில் ராஜஸ்தான் தூசியைப் போட்டிருந்தேன். வெள்ளைக் கயிறு கட்டிய மூன்றில் போடவில்லை. போடாதவை தெளிவாகவே இருந்தால்தான், மற்றவை தூசியால் பச்சையாயின என்று சொல்ல முடியும்.

விரலளவு தூசி பாட்டிலில் பாதியைக் காணோம்.

மே கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். ஜூன் பாதிவரை விசைப்படகு எதுவும் கடலுக்குள் போகாது. ஐந்து வருஷ உழைப்பு. இனி அந்தத் தண்ணீருக்கு நான் எங்கே போவேன்?

"எதுக்குடி போட்ட? உன்ன நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்!"

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஷர்மிளா, வாயிலிருந்த கிளிப்பை எடுத்தாள்.

"பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சிட்டு, ஒருத்தருக்கு மட்டும் சோறு போடறது நல்லாவாக்கா இருக்கு?"

பிளாஸ்டிக் கேனுக்குப் பரிந்து பேசுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தெரியாமல் செய்திருந்தால் பொறுத்திருப்பேன். மஞ்சள் காமாலையில் எனக்கு ஒரு வருஷம் வீணாகி, இருவரும் ஒன்றாகத்தான் பிளஸ் டூ எழுதினோம். என்னைவிட அதிக மார்க் வாங்கியவள் அவள். நான் சொன்னது புரியாமல் இருக்க வழியே இல்லை. கூடப் பிறந்தவளே கழுத்தை அறுத்துவிட்டாள் என்று நினைத்தேன், நினைத்ததை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். துரோகி என்றுகூடச் சொன்னேன்.

அவள் மாடத்திலிருந்த குறிப்பு நோட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, காலி வாளியோடு கீழே இறங்கிப் போனாள்.

ஒரு வேளைகூட விடாமல் எழுதியிருந்தாள். தண்ணீரின் சூடு, நிறம், நான் கேட்காமலே மேகமும் காற்றும். செவ்வாய்க்கிழமைக்கு நேரே, 'காலை 7.10, வெள்ளைக் கயிறு மூன்றிலும் ஒவ்வொரு சிட்டிகை' என்று ஒளிக்காமல் எழுதியிருந்தாள். எங்கள் ஆய்வகத்தில் யாரும் இவ்வளவு சுத்தமாகக் குறிப்பு எழுதுவதில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு பழைய காகிதத்தை மடித்து வைத்திருந்தாள்.

பிரிக்கும் முன்பே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பதினான்கு வருஷத்துக்கு முன் அதை எட்டாக மடித்தது நான். கிழித்துப்போடப் பயந்து, அம்மாவின் இரும்புப் பெட்டிக்குள் அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே செருகியதும் நான். பிறகு அதை மறந்தும் போனேன். அந்தப் பெட்டியைத்தான் அம்மா ஷர்மிளாவுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது.

கல்லூரியிலிருந்து ஷர்மிளாவின் பெயருக்கு வந்த கடிதம். மீனவர் ஒதுக்கீட்டில் இருந்த ஒரே இடம் அவளுக்குக் கிடைத்திருந்தது. ஜூன் இருபதுக்குள் வந்து சேராவிட்டால், காத்திருப்போர் பட்டியலில் உள்ள அடுத்த மாணவிக்கு அந்த இடம் கொடுக்கப்படும்.

அடுத்த மாணவி நான்.

கீழேயிருந்து ஷர்மிளா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.