ஒரே சம்பளம்

முத்தரசியும் நானும் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்க்கிறோம். ஒரே சம்பளம், விடுதியில் ஒரே அறை. ஒரே நாளில் வாங்கிய மண் உண்டியல்களில் என்னுடையது குலுக்கினால் கலகலக்கும். அவளுடையது வாய் திறக்காது.

"நிறைகுடம் தளும்பாதுடி" என்பாள்.

அவள் குளிக்கப் போனதும் அதைத் தூக்கிப் பார்ப்பேன். பொறாமையாக இருக்கும். ஒருநாள் என் பத்து ரூபாய் நாணயத்தை அதற்குள் போட்டேன். என் உண்டியலில் அலறிக்கொண்டு விழும் காசு, அங்கே மெத்தையில் விழுந்ததுபோல் அடங்கியது. அதைக் கேட்பதற்காகவே மாலைத் தேநீரை நிறுத்தி, தினமும் போட்டேன்.

நேற்று முத்தரசி துண்டை விரித்து உண்டியலை உடைத்தாள். நோட்டுகளோடு காசும் குவிந்தது.

"பாத்தியா? எனக்கும் அதே சம்பளந்தான்டி. மிச்சம் பிடிக்கக் கத்துக்கோ."

சரி என்று தலையாட்டினேன். குவியலைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.