கதவுக்குக் கீழே ஓர் இரும்புக் குழாய்

மலையேறும் ஜீப் ஒன்றுக்கு, பாறை இடிக்காமல் காக்க, கதவுக்குக் கீழே தடித்த இரும்புக் குழாய் பொருத்தினார்கள். பளபளப்பான தகரத்தில் மாட்டாமல், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமாய் அடியில் கறுத்துக் கிடந்த சேஸில் போல்ட் போட்டு இறுக்கினார் மெக்கானிக்.

“மிதிபட ஒருத்தர் வந்திருக்கார்,” என்றது சிவப்புக் கதவு.

“மிதிக்கட்டும். நான் வந்த வேலை வேற,” என்றது குழாய்.

“வாய்ப்பேச்சு நல்லாத்தான் இருக்கு. எனக்கு முன்னால இங்க இருந்த கதவைப் பாறை நசுக்கிடுச்சு; காயலான் கடைக்கு அனுப்பிட்டாங்க. அது தெரியுமா உமக்கு?”

மறுநாள் செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் சறுக்கியது. வண்டியின் பாரம் முழுவதும் ஒரு பாறைமேல் சாய்ந்தது. கதவின் கண்ணாடி கிடுகிடுவென நடுங்கியது. குழாய் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. சேஸும் பிடியை விடவில்லை. பெயிண்ட் உரிய உரியப் பாறைமேல் வழுக்கி, வண்டியைப் பத்திரமாக அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கியது குழாய்.

உச்சியில் வண்டியை விட்டு இறங்கிய எல்லோரும் கதவைத்தான் தடவிப் பார்த்தார்கள். “ஒரு கீறல்கூட இல்லையே,” என்று வியந்தார்கள்.

“என் உடம்பு வாகு அப்படி,” என்றது கதவு.

சேஸுக்குப் பொறுக்கவில்லை. “இதையும் கேட்டுக்கிட்டு இருக்கீரே, தோழர்?”

“பேசட்டும் தோழர். பேசுறதுக்கு அது முழுசா இருக்குதே,” என்ற குழாய், உரிந்த முதுகில் மலைக்காற்றை வாங்கிக்கொண்டு சுகமாகக் கிடந்தது.