நடுமுதுகு

பிறவிப்பெருமாள் பிள்ளையின் விரலிடுக்கில் கொப்புளங்கள் கிளம்பி ராத்தூக்கத்தைக் கெடுத்தன. கொசுக்கடி என்றார், வேர்க்குரு என்றார். தம் வீட்டுக்குள் சொறி சிரங்கு நுழையும் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. மனைவி உலகம்மாளும் மணிக்கட்டைச் சொறியத் தொடங்கிய பிறகே நோய் பார்த்துச் சொல்லும் குளியலறை வைத்தியக் கண்ணாடியின் முன் கையை நீட்டினார்.

"சிரங்குப் பூச்சி," என்றது கண்ணாடி. "தோலோடு தோல் ஒட்டினால் பரவும். அந்த வீட்டுக் கண்ணாடியின் பதிவுப்படி, உங்கள் பேரன் ஆதவனிடமிருந்து உலகம்மாளுக்கும், அவரிடமிருந்து உங்களுக்கும் வந்திருக்கிறது. இரண்டு வீட்டாரும் இன்று மாலையே கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை களிம்பு பூசுங்கள். துணிகளை வெந்நீரில் அலசுங்கள். ஒருவர் விட்டாலும் எல்லோருக்கும் திரும்ப வரும்."

பேரனா! சாதி மாறிக் கட்டிக்கொண்ட மகள் செண்பகத்தைத் தலைமுழுகிய வீடு இது. அவளுக்குப் பிள்ளை பிறந்ததே அவருக்குத் தெரியாது.

"முட்டி வலிக்கு வைத்தியம்னு வாராவாரம் போனியே, அங்கதானா?"

"ஆமா. மடியில ஏறிக் கழுத்தக் கட்டிக்கிடுவான். தள்ளிவிடவா சொல்லுதிய?"

"வலி தேவலையான்னு ஒவ்வொரு வாரமும் கேட்டேனேட்டி. தேவலைன்னு சிரிச்சியே."

உலகம்மாள் களிம்பைப் பிதுக்கிக்கொண்டு அருகில் வந்தாள்.

"தொடாத," என்று களிம்புக் குழாயைப் பிடுங்கிக்கொண்டார். கை, கால், வயிறு எல்லாம் தாமே பூசினார். பிறகு கையைப் பின்னால் வளைத்தார்.

நடுமுதுகு எட்டவில்லை.